பிளேன்டீ நிறத்துக்குக் காத்திருந்த மாப்பிள்ளை

மூன்று வருடங்களுக்கு முன், அடைமழைக் காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இலங்கை மலையகத்தில் ஹட்டன் டவுனில் நடந்தது இது. மறுநாள் திங்கட்கிழமை காலையில் எனக்குக் கல்யாணம்!

நான் வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. டவுனில் துணிக்கடையில் வேலை. எங்கள் லய வீடுகளில் கல்யாணம் என்றால் நலுங்கு வைத்தே ஆளைத் தீர்த்துவிடுவார்கள். ஒவ்வொரு வீட்டாரும் வந்து முகத்தில் மஞ்சளைப் பூசி, வாயில் லட்டையும் சீனி அரியதரத்தையும் திணிப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது, கோபித்துக்கொள்வார்கள். எனக்கோ கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ரொம்ப நாளாகவே ஓட்டை. கராம்பை வைத்து வைத்து ஏமாற்றிக்கொண்டிருந்தேன். நலுங்கு இனிப்பெல்லாம் அதற்குள் போய் உட்கார்ந்து, ஞாயிறு காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்க்கிறேன், இடது கன்னம் பேக்கரிப் பணிஸ் மாதிரி உப்பியிருக்கிறது! காய்ச்சல் வேறு. வாயைப் பாதிதான் திறக்க முடிந்தது.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். பல்லைவிட அவருக்குப் பெரிய கவலை இன்னொன்று இருந்தது. கையில் காப்புக் கட்டிவிட்டால் மாப்பிள்ளை வாசலைத் தாண்டக் கூடாது, ஆறு தாண்டவே கூடாது. ஹட்டனுக்குப் போக வேண்டுமானால் பாலத்தைக் கடந்துதான் போக வேண்டும்.

"காப்புக் கட்டின புள்ளைய தண்ணி தாண்ட விடுறதா? ஊர்ல யாராச்சும் கேட்டா என்னா சொல்றது?" என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

என் அக்காவின் புருஷன்தான் மாப்பிள்ளைத் தோழன். அவருக்கு எதையும் பட்டென்று முடிக்க வேண்டும். "அத்த, இப்புடியே விட்டா நாளைக்கு மணவறையில மாப்பிள்ளைக்குப் பதிலா பணிஸ்தான் உக்காரும். நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். கடைசியில் அம்மா, வீட்டிலிருந்த பெரிய இரும்புப் பாக்குவெட்டியை என் கையில் கொடுத்தார். காத்துக்கருப்பு அண்டாது, ஆனால் வீடு திரும்பும்வரை கையைவிட்டு இறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஆக, முகமெல்லாம் மஞ்சள், ஒரு பக்கம் பணிஸ், கையில் பாக்குவெட்டி. இந்தக் கோலத்தில் நான் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்து இரண்டு பேர் இடம் விட்டு எழுந்தே போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் டவுனில் ஒரேயொரு பல் டிஸ்பென்சரிதான் திறந்திருந்தது. சின்ன இடம். டாக்டர் ஒரு சிங்களப் பெண், தமிழைக் கொஞ்சம் தயங்கித் தயங்கி, ஆனால் ஆசையோடு பேசுவார். உதவிக்கு எங்கள் தோட்டப் பக்கத்துப் பெண் ஒருத்தி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவோம். வெளியே போட்டிருந்த மர வாங்கில் எனக்கு முன்பே ஓர் ஆட்டோக்காரர் உட்கார்ந்திருந்தார், முப்பத்தைந்து வயதிருக்கும். முந்தின நாள் பல் பிடுங்கியவராம், புண்ணைக் காட்ட வந்திருந்தார். என் கோலத்தைப் பார்த்ததும், "தம்பி, நீங்க மொதல்ல போங்க" என்று வழி விட்டார்.

பல் பிடுங்கும் கதிரையில் ஏறி உட்கார்ந்ததும் தங்கச்சி சொன்னாள்: "அண்ணே, அந்தப் பாக்குவெட்டிய வெளியில வச்சிட்டு வாங்க."

"அம்மா கையவிட்டு எறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க தங்கச்சி."

டாக்டர் என்னையும் பார்த்தார், பாக்குவெட்டியையும் பார்த்தார். "பல்லு எடுக்கிறது யாரு? நீங்களா, நானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, புதுப் பொலித்தீன் பையில் பாக்குவெட்டியைப் போட்டுக் கட்டி, மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். என்னைக் கையும் கழுவ வைத்தார். அம்மாவின் பேச்சும் நின்றது, டாக்டரின் சுத்தமும் கெடவில்லை.

டோர்ச் அடித்துப் பார்த்தவர் முகம் மாறியது. உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, பல்லை எடுத்துச் சீழை இன்றைக்கே வெளியே விட வேண்டும், அப்படியே வைத்திருந்தால் கழுத்துப் பக்கம் இறங்கும், ஆபத்து என்றார். "நாளைக்குக் கல்யாணம் டாக்டர்" என்றேன். "அதுக்குத்தான் இன்னைக்கே எடுக்கிறது" என்று முதல் மருந்துக் குளிசையை விழுங்க வைத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், வீட்டுக்குப் போய்விடலாம்!

தங்கச்சி தட்டில் ஆயுதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி தாள் போட்டு ஒட்டிய உறை. டாக்டர் அதைப் பிரிக்கவில்லை. விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். இன்னொன்றை எடுக்கச் சொன்னார். அதையும் பார்த்தார். பிறகு மொத்தத்தையும் ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டார்!

நான் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

அவர் அந்த உறையை என்னிடமே காட்டினார். மூலையில் ரோஜா நிறத்தில் ஒரு சின்னப் பொட்டு. ஆயுதங்களைக் கழுவி, உறையில் போட்டு, குக்கர் மாதிரி ஒரு மிசினில் நீராவியில் அவிக்கிறார்கள். சூடும் நேரமும் சரியாகச் சேர்ந்தால்தான் அந்தப் பொட்டு, பால் விடாத பிளேன்டீ நிறத்துக்கு மாறும். இதிலோ கழுவிய சேலை மாதிரி வெளுத்த ரோஜாவாகவே நின்றது. மிசின் கதவின் ரப்பர் வளையம் வெடித்து ஆவி கசிந்திருக்கிறது என்று பிறகுதான் கண்டுபிடித்தார்கள். முந்தின நாள் கூட்டம் அதிகமாம். இருந்த சாமான் எல்லாம் ஒன்றாகப் போட்டு அவித்த அந்த ஓர் ஈட்டில்தான் இருந்தன.

"இதுல செய்ய முடியாது" என்றார் டாக்டர்.

மச்சான் உள்ளே பாய்ந்துவிட்டார். "டாக்டர், பாத்தா பளபளன்னுதானே இருக்கு! சுடுதண்ணியில ஒரு கொதி விட்டா போதாதா? பக்கத்து தேத்தண்ணிக் கடையில கேத்தல் இருக்கு, ஒரு நிமிஷத்துல கொண்டாறேன்!"

"கொதிதண்ணிக்குச் சாகாத கிருமி இருக்கு. அதோட, நம்ம மலையில தண்ணி சூடு கொறைவாவே கொதிக்கும்" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

நானும் விடவில்லை. "பரவாயில்ல டாக்டர், என் பொறுப்பு. எது வந்தாலும் நான் பாத்துக்கிறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார், முடியாது என்று. சாமான் கிடைக்காவிட்டால் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு எழுதித் தருவதாகவும், அங்கே கட்டாயம் வார்டில் நிறுத்துவார்கள் என்றும் சொன்னார். வார்டில் நிறுத்தினால் கல்யாணம் நின்றது, அவ்வளவுதான். பந்தல் போட்டாயிற்று, ஆடு வாங்கிக் கட்டியாயிற்று, பெண் வீட்டார் வந்து இறங்கியாயிற்று!

டாக்டர் உள்ளறைக்குப் போய் யாருக்கோ போன் போட ஆரம்பித்தார். நான் வெளி வாங்கில் வந்து விழுந்தேன். மச்சான் சத்தமாகவே திட்டிக்கொண்டிருந்தார். ஒரு பொட்டு நிறம் மாறவில்லை என்று ஒரு கல்யாணத்தை நிறுத்துவார்களா, எந்த ஊர் நியாயம் இது என்று.

அப்போதுதான் அந்த ஆட்டோக்காரர் பேசினார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், பயப்படாதீங்க. என் ரத்தத்துல ஈரலைத் தின்னுற கிருமி இருக்கு. மருந்து எடுக்கிறேன். கையைத் தொட்டா வராது, ஒண்ணா உக்காந்து சாப்பிட்டா வராது. ரத்தம் பட்டாத்தான் வரும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நேத்து என் வாயில வச்ச சாமானும் அந்த ஈட்லதான் இருக்கும்."

ஒரு நிமிடம் முன்புதான் "என் பொறுப்பு" என்று கும்பிட்டு நின்றேன்! அந்தக் கிருமியை வாங்கிக்கொண்டு போய் மறுநாள் ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டியிருப்பேன்.

"இதச் சொன்னா ஒரு எடத்துல, எல்லாரும் போன பொறவு கடைசியா வாங்கன்னாங்க. இன்னொரு எடத்துல கதவையே சாத்திட்டாங்க. இங்க சொன்னேன். சொன்னது நல்லதுன்னு எழுதிக்கிட்டு, வாங்க உக்காருங்கன்னாங்க. வர்ற எல்லாரையுமே அப்புடித்தான் நெனச்சு செய்றோம், உங்களுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லன்னாங்க" என்றார்.

அந்த நேரம் டாக்டர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். நுவரெலியாவில் அவரோடு படித்த ஒரு டாக்டர், சரியாக அவித்த பொட்டலங்கள் தருகிறாராம்! ஆனால் தலவாக்கலைக்கு அந்தப் பக்கம் மண் சரிந்து ரோட்டை அடைத்திருந்தது. ரயில் மட்டும் ஓடியது. அந்த டாக்டரிடம் வேலை செய்யும் ஒரு பெண் வேலை முடிந்து நானுஓயாவில் கொழும்பு ரயில் ஏறி வட்டவளைக்கு வீட்டுக்குப் போகிறாள், அவள் கையில் மூடிப் பெட்டியில் வரும், ஹட்டன் ஸ்டேசனில் ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

"நான் கூட்டிட்டுப் போறேன், ஏறுங்க!" என்றார் ஆட்டோக்காரர்.

ஸ்டேசனில் காத்திருக்கும்போது, கட்டிக்கப்போகிறவள் எனக்குப் போன் போட்டாள். விஷயம் அதற்குள் அங்கே போய்விட்டது. அழுவாள் என்று நினைத்தேன். "ரயில் வர்ற வரைக்கும் அங்கேயே நில்லுங்க. கண்டதையும் வாயில வச்சிக்கிட்டு வந்தீங்கன்னா நான் மணவறையில உக்கார மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அடேயப்பா, இவளோடுதான் காலம் தள்ளப் போகிறேன் என்று அந்த வலியிலும் சிரிப்பு வந்தது.

ரயில் தாமதம். மூடுபனி. ஒரு வழியாக விளக்கு தெரிந்தது. ரயிலில் எந்தப் பெட்டியில் வருகிறாள் என்று கேட்க மறந்துவிட்டோம்! ஆட்டோக்காரர் பின்பக்கம் ஓட, மச்சான் முன்பக்கம் ஓட, நான் நடுவில். "பல்லுப் பெட்டி! பல்லுப் பெட்டி!" என்று மூன்று பேரும் கத்திக்கொண்டு ஓடுகிறோம். மஞ்சள் முகத்தோடு பாக்குவெட்டியை ஆட்டிக்கொண்டு ஒருவன் ஓடி வந்தால் சனம் என்ன செய்யும்? ஜன்னல்களைப் படபடவென்று மூடினார்கள்! வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். கார்ட் விசில் ஊதியே விட்டார். ரயில் அசையும்போது, கடைசிக்கு முந்தின பெட்டியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. ஆட்டோக்காரர் தாவி அது நீட்டிய மூடிப் பெட்டியை வாங்கினார். பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

டிஸ்பென்சரியில் டாக்டர் பெட்டியைத் திறந்து, முதல் உறையை விளக்கடியில் என்னிடமே நீட்டினார். பொட்டு நல்ல சாயம் இறங்கிய பிளேன்டீ நிறம்! தங்கச்சி கைதட்டிவிட்டாள். பிறகு ஊசி, கொஞ்சம் வலி, நிறையச் சீழ், கடைசியில் பல். கதிரையைவிட்டு இறங்கும்போது டாக்டர், "அம்மாவுக்குச் சொல்லுங்க, பாக்குவெட்டி நல்லா வேல செஞ்சிச்சு" என்றார்.

மறுநாள் கன்னம் பாதி வற்றியிருந்தது. போட்டோக்காரர் எல்லாப் படத்தையும் வலது பக்கத்திலிருந்தே எடுத்துத் தந்தார். காய்ச்சல் இல்லை, தாலிக்கு மூன்று முடிச்சும் நானே போட்டேன்.

ஆட்டோக்காரரைக் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வந்தார், ஆனால் பந்தலுக்கு வெளியே தன் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைப் பந்தி போடும்போது நானே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். "நான் பொறவு தனியா சாப்புடுறேன் தம்பி" என்று இழுத்தார். இழுத்து என் பக்கத்து இலையில் உட்கார வைத்தேன். எனக்கு அன்று குழைந்த சோறும் ஆறிய ரசமும்தான். என் இலையில் வைத்த வடையைத் தூக்கி அவர் இலையில் போட்டேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சாப்பிட்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

இப்போது எந்தப் பல் டாக்டரிடம் போனாலும், பொட்டலத்தைப் பிரிக்குமுன் அந்தப் பொட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கிறேன், யாரும் கோபித்ததில்லை. அந்த டாக்டர் ஆட்டோக்காரரை ஒதுக்கி வைத்துவிட்டுத் தன் டிஸ்பென்சரி சுத்தம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் எல்லாருக்கும் ஒரே சுத்தம் என்று வைத்திருந்ததால்தான், அவர் தலைநிமிர்ந்து அந்தக் கதிரையில் உட்கார முடிந்தது, நான் நோயில்லாமல் மணவறையில் உட்கார முடிந்தது.