அத்தைகளுக்கும் சேர்த்து டேட்டா

"உனுக்கு அத்தை எத்தினி பேரு நைனா?"

வெளிநாட்டுக்கு டேட்டா பேக் கேட்டு வரும் மாணவர்களிடம் சரசா முதலில் கேட்பது இதைத்தான். எந்த நாடு, எந்தக் கல்லூரி என்பதெல்லாம் அப்புறம். பையன் விழித்தால், "சித்தி, பெரிம்மா, மாமா எல்லாத்தியும் சேத்துச் சொல்லு" என்பார். சொந்தபந்தம் ஊர்ப்பட்டது என்றால் பெரிய பேக். ஒண்டிக்கட்டை என்றால் சின்னது.

கள்ளிக்குப்பத்தில் வீட்டு முன்னறையையே செல்போன் கடையாக்கி வைத்திருக்கிறார். நைட்டி, அதன்மேல் துண்டு. சிம் தட்டைத் திறக்கவேண்டும் என்றால் தாலிச் சரட்டில் தொங்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றுவார். வேலை முடிந்ததும் அது சரட்டுக்கே திரும்பிவிடும். வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய நெல்வயல் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி. அங்கே குடியிருப்பவர்களின் பிள்ளைகள்தான் பாதி வாடிக்கை.

வியன்னாவில் கட்டுரை வாசிக்கக் கிளம்பிய பேராசிரியர் ஜானகிராமனும் தப்பவில்லை. "எனக்கு மெயில் பார்த்தால் போதும்மா" என்றார்.

"நீங்க மெயிலப் பாப்பீங்க சார். ஊட்டுக்காரம்மா உங்களப் பாக்க வேணாமா?"

பேராசிரியர் மறுபேச்சில்லாமல் பெரிய பேக்காக வாங்கிக்கொண்டார். விற்கத் தெரிந்த பெண்மணி, அவ்வளவுதான் என்று ரீசார்ஜுக்காகப் பக்கத்தில் நின்றிருந்த நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு கமலம் வந்தார். மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைப்பவர். மகள் நிவேதிதா மேல்படிப்புக்காக ஜெர்மனி போகிறாள். அத்தை, மாமா என்று ஒரு பட்டாளமே இருப்பது தெரிந்ததும் சரசா பெரிய பேக்கைக் காட்டினார். கமலம் விலையைப் பார்த்தார்.

"சின்னதே போதும்கா. ரூமுக்குப் போயிட்டா அங்க வைஃபை கீதாமே."

"அப்போ ரூம் போய்ச் சேர்ற வரிக்கும் ஒருத்தரும் வீடியோ போடக் கூடாது. மேப் பாக்கத்தான் டேட்டா, மூஞ்சி பாக்க இல்ல. இன்னா?"

கமலம் தலையாட்டினார். தலையாட்ட என்ன செலவு?

நிவேதிதா போய் இறங்கிய அன்று பிற்பகல், போன் திரைக்கு டெம்பர் கிளாஸ் ஒட்ட நான் கடையில் காத்திருந்தேன். கமலம் மூச்சிரைக்க வந்தார். ரயில் மாறும் ஸ்டேஷனில் நிற்பதாகச் சொன்ன பெண்ணிடமிருந்து அதற்குப்பின் பேச்சே இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியெல்லாம் போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

"யாரு வீடியோ போட்டது?" என்றார் சரசா.

"பெரிய நாத்தனாரு பனி பாக்கணும்னாங்க. அப்பால சின்னவங்க, எங்களுக்கு மட்டும் காட்டலியான்னு கோச்சிக்கினாங்க. எங்க அண்ணன்..."

"நீ?"

கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொட்டரு போட்டுக்கினு கீறாளான்னு பாத்தேங்கா."

பெண்ணின் டிக்கெட், போகவேண்டிய வழி, அறைச் சாவி தரப்போகும் ஆளின் நம்பர், எல்லாமே இணையத்தில்தான் இருக்கின்றன. முன்பின் தெரியாத ஊர், பாஷையும் தெரியாது, பனி வேறு.

"ஊரே கூடி ஒரு பொண்ண நடுத்தெருல நிக்க வெச்சிட்டீங்களேம்மா!" திட்டிக்கொண்டே சரசா தன் போனிலிருந்து நிவேதிதாவுக்கு டாப்அப் போட்டார். பிறகு இருவரும் கமலத்தின் போனையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெராக்ஸ் கேட்டு வந்தவரைச் சரசா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் கொஞ்சம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

வெகுநேரம் கழித்து டிக் இரண்டானது. பின்னாலேயே பதிலும் வந்தது: "நெட் போயிடுச்சுமா. ஒரு ரயிலை விட்டுட்டேன். அடுத்தது வருது, பயப்படாத."

கமலத்தின் விரல் நேராக வீடியோ பொத்தானுக்குப் போனது. சரசா போனைப் பிடுங்கி கட் செய்தார். "அறிவு கீதா உனுக்கு? இப்பத்தான இவ்ளோ பட்டுக்கினோம்?"

போன் இருந்த இடத்தில் கமலத்தின் கை அப்படியே நின்றது.

சரசா அந்தக் கையைப் பார்த்தார். தன் போனை எடுத்து மறுபடியும் டாப்அப் போட்டார், இந்த முறை பெரிதாக. காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு கமலத்தின் போனில் வீடியோ பொத்தானைத் தானே அழுத்தி, அதை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தான் படத்தில் விழாதபடி ஒதுங்கி நின்றார்.