கடல் கேபிளும் என் இன்லேண்டு கடிதமும்

டெலக்ஸ் தாள்கள் பறக்காமலிருக்க என் மேஜையில் ஒரு கேபிள் துண்டு வைத்திருப்பேன். மணிக்கட்டுத் தடிமன், வெளியே இரும்புக் கம்பிகள், நடுவில் செம்பு. கல்யாணமான வருஷம் என் வீட்டுக்காரர் விடுப்பில் வந்தபோது, பழுது பார்த்து மிஞ்சியது என்று கொண்டுவந்து தந்தார். கடலடிக் கேபிள் கரையேறும் இடத்தில், சென்னையில் அவருக்குக் காவல் வேலை. "உன்ற டெலக்ஸு இதுக்குள்ளதான் போகுது கண்ணு" என்றார். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் நான் டெலக்ஸ் இயந்திரத்தில் தட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிற எழுத்து அவர் காலடியில் ஓடுகிறது என்று நினைத்தால் தனிமை பாதி குறைந்துவிடும். மீதிப் பாதிக்கு அவர் கடிதங்கள் இருந்தன. மணலில் ஓடும் நண்டுகளைப் பற்றியே ஒரு பக்கம் எழுதுவார்.

எண்பதுகளின் கடைசியில் ஒருமுறை டெலக்ஸ் செத்துப்போனது. அந்நிய நாட்டுக்காரன் கடலுக்குள் கேபிளை அறுத்துவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. சாயத்தின் நிறத்துக்கு ஜெர்மனியில் வாங்குபவர்களிடமிருந்து சம்மதம் வராமல் துணி அப்படியே கிடந்தது. முதலாளி என் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏங்கண்ணு, உங்கூட்டுக்காரரு அங்கதான இருக்காரு? ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு."

பெருமை தலைக்கேறிவிட்டது. எங்கே அறுந்தது, எத்தனை பேர் காவல், எப்போது சரியாகும் என்று இன்லேண்டு கடிதத்தில் கேட்டு எழுதினேன்.

அங்கே வரும் கடிதங்களை அதிகாரிகள் பிரித்துப் படிப்பார்கள் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். எனக்குப் புத்தி வேண்டாமா? அறுத்தது ஏதோ கப்பலின் நங்கூரம் என்று தெரிந்து, அந்த வாரமே கேபிள் சரியானது. யாருக்காகக் கேட்டாள் உன் மனைவி என்று அவரை மட்டும் மாதக்கணக்கில் விசாரித்தார்களாம்; கூட வேலை பார்த்தவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். வேலை தப்பியதே பெரிது.

அதன் பிறகு வந்த கடிதங்களில் "நலம். நலமறிய ஆவல்" மட்டுமே இருந்தது. நண்டுகள் வரவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதியவற்றுக்கும் அதே வரிதான் பதில். விடுப்பில் வந்தாலும் சாப்பிட்டார், தூங்கினார், கிளம்பினார். தொண்ணூறுகள் முழுக்க அப்படியே கழிந்தன.

ஓய்வு பெற்று வந்து பல வருஷமாகிறது. பால் வாங்கப் போனால்கூடச் சொல்லிக்கொண்டு போக மாட்டார். அந்தக் கேபிளை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள் என்று போன வாரம் செய்தித்தாளில் படித்தேன். உடனே துண்டை எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தேன்.

"இப்பவாச்சும் சொல்லுங்க மாமா. அன்னிக்கு உங்கள வேற என்னதான் கேட்டாங்க?"

துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்தார். தெருவில் யாருமில்லை.

"மெதுவாப் பேசு கண்ணு" என்றார்.