தண்ணீரை நிறுத்தத் தெரிந்தவர்

தங்கப்பாண்டிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். கத்துகிற புருஷனோடு ஒரு பெண் எப்படியாவது காலத்தை ஓட்டிவிடலாம். பதிலுக்கு நாலு வார்த்தை கத்திவிட்டால் அன்றைய கதை அன்றைக்கே முடியும். இவர் பேச்சை நிறுத்திவிடுவார். காமயகவுண்டன்பட்டியில் பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறவருக்கு நிறுத்துவதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கவாத்து வெட்டுவதற்கு முன்னால் கொடிக்குத் தண்ணீரை நிறுத்திக் காயப்போடுவார். இலை வாடி, கொடி அசந்து நிற்கும்போது வெட்டினால்தான் எல்லாக் கண்ணும் ஒன்றுபோலத் துளிர்க்கும் என்பது அவர் அனுபவம். "தண்ணிய நிப்பாட்டுனாத்தான் கொடிக்குப் புத்தி வரும்" என்பார். அதே வைத்தியத்தை வீட்டிலும் செய்தார். கொடிக்கு வாய் கிடையாது. அவர் மனைவி மாரீஸ்வரிக்கு வாய் இருந்தும் ஒரு பிரயோசனமும் இல்லாமல் போனது.

அவர் பேசாத நாட்களுக்கென்று அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. நேரத்துக்கு வந்து சாப்பிடுவார். போதுமென்றால் தம்ளரைக் கவிழ்த்துவிடுவார். சொல்லியே ஆக வேண்டிய விஷயம் எதுவும் இருந்தால் வாசலில் கட்டிக் கிடக்கும் நாயிடம் சொல்வார். "நாளைக்குப் பழம் வெட்ட ஆள் வருது. சோறு ஆக்கணும்னு சில பேருக்கு நினைப்பு இருக்கோ இல்லையோ." நாய் வாலை ஆட்டும். அடுப்படியில் மாரீஸ்வரி கூடுதலாக ஒரு படி அரிசி போட்டு ஊறவைப்பாள். ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே வந்து கேட்பாள்.

"என்ன, கோவமா இருக்கீகளா?"

"எனக்கென்ன கோவம்."

இந்தப் பதில் வந்துவிட்டால் சீக்கிரத்தில் விடியாது என்று அவளுக்குத் தெரியும். மகள் ஹேமாவதி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை, தேவாரம் ஊரில் தன் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போன மாரீஸ்வரி, அண்ணன் விடவில்லை என்று ஓர் இரவு தங்கிவிட்டு வந்தாள். அது கவாத்து வெட்டிய வாரம். தோட்டத்தில் வேலை கிடக்கிறது, இவளுக்கு விருந்து கேட்கிறதா என்று நினைத்த தங்கப்பாண்டி அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான். கொடி துளிர்த்து, பூத்து, காய் கறுத்து, கடைசிக் கூடை லாரியில் ஏறுகிறவரை வாயைத் திறக்கவில்லை. ஊரில் அவரை நிதானமான மனுஷன் என்று சொல்வார்கள். ஊருக்கு என்ன, ஊரா அவரோடு குடும்பம் நடத்தியது?

மகள் அனுமந்தன்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் ஒரு பிள்ளையும் பெற்ற பிறகு, போன வருஷம் தங்கப்பாண்டிக்குத் தொண்டை கட்டியது. மருந்தடித்த காற்று பட்டிருக்கும் என்று விட்டுவிட்டார். மாசக்கணக்கில் சரியாகவில்லை. தேனியில் பார்த்த டாக்டர், குரல்நாணில் சின்னதாக ஒரு கட்டி இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, எடுத்துவிடலாம், ஆனால் எடுத்த பிறகு நான் சொல்கிறவரை ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்றார். கூடப் போயிருந்த ஹேமாவதி, "அதெல்லாம் எங்கப்பாவுக்குப் பழக்கந்தான் டாக்டர்" என்றாள். டாக்டர் சிரித்தார். தங்கப்பாண்டியும் சிரித்தார். மாரீஸ்வரி மட்டும் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

பழக்கம்தான் என்று அவரும் நினைத்தார். ஆனால் கட்டியை எடுத்த பிறகு வந்த இந்த மௌனம் வேறு மாதிரி இருந்தது. முன்பெல்லாம் வாய்தான் மூடியிருக்கும். உள்ளே ஓயாமல் பஞ்சாயத்து நடக்கும். வாதியும் அவரே, சாட்சியும் அவரே, தீர்ப்புச் சொல்கிற நாட்டாமையும் அவரே. இப்போது யார் மேலும் வழக்கு இல்லை. பந்தலுக்கடியில் காலிக் கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தால், கூட்டம் கலைந்த மைதானம் மாதிரி உள்ளே வெறுமையாக இருந்தது. முதலில் பயந்தார். பிறகு அதில் உட்கார்ந்திருக்கப் பழகினார்.

ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்துச் சின்னக்கருப்பு, முறை மாறித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டான். தங்கப்பாண்டிக்கு அடிவயிற்றிலிருந்து சுர்ரென்று ஏறியது. நெஞ்சுக்கு வந்தது, தொண்டைக்கு வந்தது. தொண்டையில் ஆறாத புண். வெளியே போக வழியில்லாமல் அது அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. இவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. அட, இவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு. இதற்காகவா இத்தனை வருஷம்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்துத் தம்ளரைக் கைதவறிக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டார். அடுப்புக்கு முன்னால் இருந்த மாரீஸ்வரியின் தோள் தூக்கிப்போட்டது. முப்பது வருஷமாகத் தூக்கிப்போட்டுக்கொண்டிருந்த தோள்தான். அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டது. அதைப் பார்த்த பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை. செய்தது நான், நான் மட்டும்தான் என்று சாக்குப்போக்கு இல்லாமல் அவருக்குத் தெரிந்தது. இது சாதாரணக் காரியமில்லை. எத்தனையோ பேர் அது தெரியாமலே பாடையில் ஏறிவிடுகிறார்கள்.

டாக்டர் பேசலாம் என்று சொல்லிவிட்டார். பேசத்தான் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மாரீஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. எந்த வருஷத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நான் மாறியதை அவளே பார்த்துக்கொள்வாள், பழம் பழுத்ததைத் தமுக்கடித்தா சொல்வார்கள் என்று விட்டுவிட்டார். அங்கேதான் மனுஷன் தப்புக் கணக்குப் போட்டார்.

டாக்டர் கட்டளை இருந்தவரை மாரீஸ்வரி நிம்மதியாக இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்ததிலேயே, தான் காரணமில்லாத முதல் மௌனம் அதுதான். மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது வாய்க்குள் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். கட்டளை நீங்கிய பிறகும் அவர் பேசாமல் இருக்கவே பழைய பயம் அவளுக்குத் திரும்பி வந்தது. என்ன செய்தோம் என்று தேடினாள். அண்ணனோடு போனில் பேசுவதை நிறுத்தினாள். பதற்றத்தில் ஒரு நாள் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். அவர் அதை மறுபடியும் ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டிச் சாப்பிட்டார். தட்டைத் தள்ளியிருந்தால்கூட அவளுக்கு மூச்சு வந்திருக்கும்.

"என்ன, கோவமா இருக்கீகளா?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மனதில் கோபம் துளியும் இல்லை. அதை அவளுக்கு முழுசாகக் கொடுத்துவிட நினைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கென்ன கோவம்."

அன்றைக்கு மத்தியானம் அவர் தோட்டத்திலிருந்து வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. சாவி வழக்கமான இடத்தில் இருந்தது. சோறு ஆக்கி மூடி வைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் கம்பம் போய் பஸ் மாறி, மகள் வீட்டில்தான் இருப்பாள் என்று அனுமந்தன்பட்டியில் இறங்கினார். வாசலிலேயே ஹேமாவதி மறித்துக்கொண்டாள்.

"அம்மா என்னப்பா செஞ்சுச்சு? இந்த வயசுலயும் பேச்ச நிப்பாட்டுவீகளா?"

"நான் நிப்பாட்டலத்தா. நெசமாவே கோவமில்ல."

"அதத்தான எப்பவும் சொல்வீக."

உண்மையைச் சொல்ல இருந்த ஒரே வாக்கியத்தையும் அவர் பொய்யாகச் சொல்லிச் சொல்லியே தேய்த்துவிட்டிருந்தார். உள்ளே போனார். மாரீஸ்வரி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்தார். தொண்டை கட்டியதிலிருந்து தண்ணீர்த் தகராறு வரை, தம்ளர் சத்தத்தில் அவள் தோள் தூக்கிப்போட்டது வரை, தடுமாறித் தடுமாறி எல்லாம் சொன்னார். அவர் வாழ்நாளில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நான் மாறிட்டேன், வீட்டுக்கு வா என்று முடித்தார்.

மாரீஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தாள். பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகப் பேசினாள்.

"தேவாரத்துல காதுகுத்துக்குப் போய்த் தங்குனேன்ல. அந்த வெள்ளாமை முழுக்கப் பேசல நீங்க."

"ஆமா."

"அப்ப எனக்கு மூணு மாசம். உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன். நீங்க மூஞ்சி குடுத்தாத்தான சொல்ல? ஒரு நாள் அடுப்படியில படுத்தே கெடந்தேன், ஞாபகம் இருக்கா? அன்னைக்குத்தான் கலைஞ்சது."

ஞாபகம் இருந்தது. வேஷம் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போய்த் தண்ணீர் மோந்து குடித்தது ஞாபகம் இருந்தது. வாசலில் நின்ற ஹேமாவதி அம்மாவையே பார்த்தாள். அவளுக்கும் இது தெரியாது.

"யாருகிட்டச் சொல்ல? நாயிகிட்டத்தான் சொன்னேன். நீங்க அதுகிட்டத்தான பேசுவீக. அது உங்ககிட்டச் சொல்லும்னு கிறுக்கு மாதிரி நெனச்சேன்."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீங்க மாறியிருப்பீக. பாத்தாத் தெரியுது, நான் இல்லைங்கல. உங்களுக்கு உள்ள அமைதியா இருக்கு. எனக்கு இன்னும் படபடன்னுதான் அடிக்குது. நீங்க சும்மா உக்காந்திருந்தாலும் அடிக்குது. அத நிப்பாட்ட எனக்குத் தெரியல. நீங்க போங்க. நான் இங்கனயே இருந்துக்கிறேன்."

பழைய தங்கப்பாண்டியாக இருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயிருப்பார்; பஸ்ஸில் ஏறியதும் பஞ்சாயத்துக் கூடியிருக்கும், அவள்மேல் ஒரு குற்றம் கிடைத்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருப்பார். இப்போது அந்த வழியும் அடைந்துவிட்டது. உள்ளே அமைதியாகத்தான் இருந்தது. அந்த அமைதியில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, அதுதான் கொடுமை.

அதற்குப் பிறகு கவாத்து வந்து போய்விட்டது. மாரீஸ்வரி வரவில்லை. ஊரில் கேட்டால், "பேத்தியப் பாத்துக்கிறப் போயிருக்கா" என்கிறார். சாயங்காலம் தோட்டத்திலிருந்து மகளுக்குப் போன் போடுவார். ஹேமாவதி ரெண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் கொடுப்பாள். இவர்தான் பேசுவார். துளிர் நல்லா வந்திருக்கு என்பார். வெயில் ஜாஸ்தி என்பார். மறுபக்கம் ம் என்று ஒரு சத்தம் வரும். சில நாள் அதுவும் வராது.

நேற்று ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. பேத்தி விளையாடுகிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவர் காத்திருந்தார். அவள் பேசாமல் இருப்பது வெறுப்பிலா, அசதியிலா, அவளுக்கும் மனசு அடங்கிவிட்டதா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் கேட்டுவிட்டார்.

"மாரீஸ்வரி. கோவமா இருக்கியா?"

"எனக்கென்ன கோவம்" என்றாள் அவள்.