ஜெல்லி மீனைக் கவிழ்த்துப் போட்டது

எனக்கு ஜெல்லி மீனைப் பிடிக்காது. முதுகெலும்பு இல்லை, முகம் இல்லை, உண்பதும் கழிப்பதும் ஒரே துளை. அதைச் சுலபமாக வரையலாம் என்று யாராவது புத்தகம் நீட்டினால் இன்றும் என் விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. அரை வட்டம் போடு, ஓரத்தை நெளி, நூலைத் தொங்கவிடு, அவ்வளவுதானாம். யார் சொன்னது அவ்வளவுதான் என்று?

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில் சுங்காய்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துவிட்டு நட்ட எண்ணெய்ச் செம்பனை காய்க்கத் தொடங்கியிருந்தது. அப்பா அங்கேயே தங்கிவிட்டார். அம்மாவும் நானும் ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் அத்தை வீட்டுப் பின்னறையில் ஒண்டினோம். அங்கே கடைவரிசை ஒன்றின் மாடியில் ஒரு பாலர் பள்ளி. உதவிக்கு ஓர் ஆள்தான் வேண்டும். அதை நடத்திய டீச்சர் இரண்டு பேரை வரச்சொன்னார்.

"தீபாவளி வரைக்கும் ரெண்டு பேரும் வாங்க. அப்புறம் ஒருத்திதான். யாருன்னு நான் பார்த்துச் சொல்றேன்."

வேலை கிடைக்காவிட்டால் நான் அப்பாவிடம் திரும்பிப் போய்ச் செம்பனை உதிரிப் பழம் பொறுக்க வேண்டும். செம்பனை மட்டையின் முள் எனக்குப் பழக்கம். நகத்துக்கடியில் ஏறினால் சீழ் வைத்த பிறகுதான் வெளியே வரும்.

மற்றவள் புந்தோங்கிலேயே பிறந்தவள். பவுடரும் திமிரும் மணக்க மணக்கப் படியேறுவாள். என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை.

"ஏய் தோட்டம், அந்த பிரஷ்ஷைக் கழுவி வை லா."

கழுவி வைத்தேன். கழுவும்போது அவள் கழுத்தை நினைத்துக்கொண்டு பிழிந்தேன்.

சுவரில் ஒட்ட மலாய் எழுத்துப் படங்கள் வேண்டும் என்று டீச்சர் தாள்களைப் பங்கிட்டார். பாதி அவளுக்கு, பாதி எனக்கு. யூ எழுத்து என் பங்கில் வந்தது. யூவுக்கு உபுர்-உபுர், அதாவது ஜெல்லி மீன்.

"டீச்சர், உலார் போடட்டுமா? பாம்பு நல்லா வரும் எனக்கு."

"பாம்பு வேணாம். பிள்ளைங்க ராத்திரி மூத்திரம் போய்டும். உபுர்-உபுர் தெரியும்தானே?"

"தெரியும் டீச்சர்."

தெரியாது. கடலையே நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் கால்வாயும் மழையும். அவளோ பள்ளிக்கூடத்தில் படித்தபோது பங்கோர் தீவுக்குப் போய்வந்தவள். வேறு வழியில்லை, கேட்டேன். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கிண்ணம் மாதிரி இருக்கும். வெள்ளையா, வழுவழுன்னு. ஓரத்துல நூல் நூலா தொங்கும். போதுமா?"

போதும் என்று நினைத்தேன். வெள்ளை, வழுவழுப்பு, கிண்ணம், நூல். இதைப் பார்த்துத்தானே வளர்ந்தேன். பால்மரத்தில் கட்டிய மங்கு நிறைந்து, பால் விளிம்பைத் தாண்டி வழிந்து, வழிந்த இடத்திலேயே உறைந்து இழை இழையாய்த் தொங்கும். அந்த மங்குக் கிண்ணத்தைத்தான் போட்டேன். வாயை வானத்துக்குத் திறந்து, விளிம்பு முழுக்க வெள்ளை இழைகள் இறங்க, கீழே நீலக் கடல். எனக்கு அது அழகாகத்தான் பட்டது.

கவிழ்த்துப் போடலாம் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. வெட்டில்லாத நாளில் மங்குகள் மரத்தில் கவிழ்ந்திருக்கும். அன்றைக்குக் கூலியும் இல்லை. அதனால் அம்மா வீட்டில் ஒரு குவளையைக்கூடக் கவிழ்க்க விடமாட்டார். கழுவிய பாத்திரமெல்லாம் வாய் பிளந்து நிமிர்ந்தே நிற்கும், பல்லி எச்சம் விழுந்தாலும் சரி. புந்தோங்குக்கு வந்த பிறகும் அப்படித்தான். அத்தை கவிழ்த்து வைப்பார், அம்மா நிமிர்த்தி வைப்பார். அதற்கே தினம் சண்டை.

மறுநாள் டீச்சர் என் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"டீச்சர், சட்டியில பாயசம் பொங்குது. யாராச்சும் அடுப்பை அணைங்க."

தாளைப் பிடுங்கித் தலைகீழாகப் பிடித்தாள். இழைகளெல்லாம் மேலே விறைத்து நின்றன. "பாருங்க, இப்ப பேய் முடி."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம்.

"வேற போடு. கவுத்துப் போடு. நீ," என்று அவளிடம் திரும்பினார், "இவளுக்குச் சொல்லிக் குடு."

பிள்ளைகள் போன பிறகு சொல்லிக் கொடுத்தாள், நாய்க்குச் சோறு தள்ளுவதுபோல.

"கிண்ணத்தைக் கவு. ஓரத்தை நேரா விடாதே, பாவாடை மாதிரி நெளிச்சு விடு. நடுவுல ரெண்டு மூணு தடிச்ச வால், கிழிஞ்ச துணி கணக்கா. அப்புறம்தான் நூல். நூல் எல்லாம் ஒரே நீளம் வேணாம். ஆனா எல்லாம் ஒரே பக்கம் சாயணும். ஆளுக்கொரு பக்கம் போச்சுன்னா மீன் செத்துப்போச்சு. புரியுதா தோட்டம்?"

பென்சிலை வைத்தேன். வளைவின் உச்சிவரை போன கை அங்கேயே நின்றது. மேலே மூடிய கோடு. கீழே ஒன்றும் சேராத வெறுமை. என் கையால், கேட்டு வாங்கி, கூலியில்லாத நாளை வரைகிறேன். அவள் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள்.

போட்டேன். பென்சில் தாளைக் கீறும் அளவுக்கு அழுத்திப் போட்டேன். நூல்களெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன, சாட்டை வீசினாற்போல. உயிரோடு இருந்தது அந்தப் பாழாய்ப்போன மீன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் டீச்சர் எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்தார்.

"இந்தப் பொண்ணு இருக்கட்டும். தோட்டத்துப் பிள்ளை, சொன்னா எதிர்த்துப் பேசாம செய்யுது. நீ கெட்டிக்காரிதான். ஆனா வாய் அதிகம் உனக்கு."

என்னை வைத்துக்கொண்டது என் படத்துக்காக இல்லை. கவிழ்க்கச் சொன்னதும் கவிழ்த்ததற்காக. நன்றி டீச்சர் என்று சொன்னேன். மங்குப் பால் பட்டதுபோல் நாக்கு ஒட்டிக்கொண்டது.

படியில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "நான் காட்டித் தரலேன்னா நீ இப்ப சுங்காய் பஸ்ல இருப்பே."

"காட்டாம இருந்திருக்கலாமே."

"டீச்சர் சொன்னாங்க, காட்டினேன். நான் மட்டும் என்ன, எதிர்த்தா பேசினேன்?"

பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனாள். புந்தோங் சின்ன இடம். சந்தையில், கோயிலில் எத்தனையோ முறை எதிரே வந்தோம். இருவரும் முகம் கொடுத்ததில்லை.

அவள் படியிறங்கிப் போன அன்று மதியமே டீச்சர் புதுத் தாள்களை நீட்டினார். அவள் போட்டதையெல்லாம் எடுத்துவிட்டு என் கையாலேயே போட வேண்டுமாம், சுவர் ஒரே மாதிரி இருக்க. நாற்காலியில் ஏறி முதல் படத்தின் ஓரத்தைப் பிடித்தேன். அவளுடைய கோழி நன்றாகவே இருந்தது. கிழித்தேன்.