மங்கிய பட்டனைப் பேசவைத்தவள்

எங்கள் வீட்டில் அக்காவுக்கு ‘ஏன்’ என்றே பட்டப்பெயர். “வேண்டாம்னா வேண்டாம், அவ்வளவுதான்” என்று அம்மா அதட்டினால், காரணம் வரும்வரை சமையலறை வாசலை விட்டு நகரமாட்டாள். அந்த நியாயத்தைத் தனக்கும் வைத்துக்கொண்டிருந்தாள். மாட்டேன் என்று சொன்னால் கூடவே காரணத்தையும் சொல்லிவிடுவாள். சில காரணங்களைக் காதுகொடுத்துக் கேட்க முடியாது.

அவள் சாஃப்ட்வேர் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறாள். நான் மருத்துவமனை லேப்பில் இருக்கிறேன். எங்கள் ரத்தப் பரிசோதனை முடிவுகள் அவள் கம்பெனி எழுதிய சாஃப்ட்வேர் வழியாகத்தான் வெளியே போகும். ஒருநாள், ஆபரேஷனுக்குத் தயாராக இருந்த ஒரு சிறுமியின் முடிவை அனுப்பப் போனேன். ‘வெளியிடு’ பட்டன் மங்கிக் கிடந்தது. ஆளாளுக்குத் தட்டிப் பார்த்தோம். டாக்டரின் ஒப்புதல் விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது. பசியோடு காத்திருந்த குழந்தையைத் திரும்ப வார்டுக்குக் கொண்டுபோனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவை ஒரு பிடி பிடித்தேன்.

“காரணம் எழுதியிருக்கோமேடி! மவுஸை மேல கொண்டுபோனா தெரியுமே!”

“ஒண்ணும் தெரியலக்கா. அந்தக் குழந்தை அழுதது மட்டும்தான் தெரிஞ்சுது.”

மறுநாள் அவர்கள் ஆபீஸில் கூத்து வெளிப்பட்டது. காரணத்தை ஒரு குறிப்பாகப் பட்டனிலேயே ஒட்டியிருந்தார்கள். முடங்கிய பட்டனுக்கோ மவுஸ் வந்ததே தெரியாது. குறிப்பு வருகிறதா என்று இவர்கள் சோதித்துப் பார்த்தது பட்டன் நன்றாக வேலை செய்யும்போது! அப்போது ஜோராக வந்ததாம். நன்றாக நடமாடுகிறவன், தான் ஏன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறேன் என்று விளக்குவதைப் போல.

“முடங்கின பட்டன் அப்படித்தாம்மா. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்” என்றார் மேனேஜர்.

‘அப்படித்தான்’ எல்லாம் இவளிடம் செல்லுபடியாகுமா? பட்டனைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி போட்டாள். மவுஸ் வந்தால் பெட்டிக்குத் தெரியும், பெட்டி காரணத்தைச் சொல்லும். அத்தோடு விட்டாளா? ஒவ்வொரு மங்கிய பட்டனுக்கும், யார் என்ன செய்தால் அது வேலை செய்யும் என்று உட்கார்ந்து எழுதினாள். மேனேஜரும் வழிக்கு வந்தார். என் அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

புதிய வெர்ஷன் எங்கள் லேப்புக்கு வந்தது. அதே சிறுமிக்கு மறுபடி நாள் குறித்தார்கள். முடிவை அனுப்பப் போனால், பட்டன் மறுபடியும் மங்கிக் கிடக்கிறது! ஜன்னலுக்கு வெளியே சிறுமியின் அப்பா. மவுஸை மேலே கொண்டுபோனேன்.

‘டாக்டரின் ஒப்புதல் வரவில்லை. இன்றைய பொறுப்பு டாக்டர் இரண்டாம் மாடியில் இருக்கிறார்.’

சிறுமியின் அப்பாவும் ஜன்னல் வழியாகப் படித்துவிட்டார்.

“ஏன்னு தெரிஞ்சுடுச்சுல்ல, அது போதும். போய்ட்டு வாங்கம்மா, நான் நிக்கிறேன்.”

படியேறி ஓடினேன். டாக்டர் ஒப்புதல் கொடுத்தார். குழந்தை குறித்த நேரத்துக்கு ஆபரேஷனுக்குப் போனாள்.

அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“என்னக்கா, ஒண்ணும் பேச மாட்டேங்கற?”

“அழுகையா வருதுடி. அதான்” என்றாள்.