மாது மாமா பிடித்துக் கொடுத்த ஆர்டர்கள்

புது மிக்ஸியை முதல் தடவை ஓட்டும்போது ஒரு வாசனை வரும். ரப்பரும் சூடான வார்னிஷும் கலந்த மாதிரி... மாரண்டஹள்ளியில் சுமதி அக்கா வீட்டு முன்னறையில் கொஞ்ச காலம் எப்போதும் அந்த வாசனைதான்.

கொரோனா அடங்கியிருந்த சமயம். நான் டிகிரி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டு சுமதி அக்கா யூடியூபில் ஒரு சேனல் ஆரம்பித்தார். மிக்ஸி, குக்கர், கிரைண்டர்... எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று சொல்லும் சேனல். வீடியோவுக்குக் கீழே லிங்க் இருக்கும். அதன் வழியாகப் போய் யாராவது வாங்கினால் அக்காவுக்குக் கமிஷன். அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்ற பெயரே எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையாது. வீடியோ எடுப்பதும் லிங்க் போடுவதும் என் வேலை.

தெருவில் யார் புது சாமான் வாங்கினாலும் அக்கா ஒரு நாள் இரவல் வாங்கி வந்துவிடுவார். உளுந்து, கேழ்வரகு, தேங்காய்ச் சில்லு எல்லாம் போட்டுப் பார்ப்பார்.

"பாக்க நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா உளுந்து போட்டா மூச்சு வாங்குது. நம்ம வூட்டுக்கு இது ஆவாதுங்க..."

இப்படிப் பேசியதால்தான் ஜனங்கள் நம்பினார்கள். கமென்ட்டில் எங்கெங்கிருந்தோ பெண்கள் "அக்கா, எந்தக் குக்கர் வாங்கட்டும்?" என்று கேட்பார்கள். மெல்ல மெல்ல வருமானம் வந்தது. அக்கா அதை நம்பி, ஓசூரில் பார்த்துக்கொண்டிருந்த கார்மென்ட்ஸ் வேலையை விட்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் மாது மாமா, தக்காளி லோடு அடிக்கிற வண்டி ஓட்டினார். ஆரம்பத்தில் அவருக்கு நம்பிக்கையே இல்லை.

"போனப் பாத்துப் பேசுனா காசு வருமா? எவனாச்சும் ஏமாத்திருவான் சுமதி" என்பார்.

முதல் கமிஷன் பேங்கில் விழுந்த அன்று, அந்த மெசேஜைக் காட்ட அக்காவின் போனையே டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அவர் ஆளே மாறிவிட்டார். மண்டியில் யாராவது குக்கர் வாங்கணும் என்று பேச்செடுத்தால் போதும்.

"இருங்க இருங்க, கடைக்குப் போவாதீங்க. எம் பொண்டாட்டி லிங்க்குல வாங்கித் தரேன்!"

ஆன்லைனில் வாங்கத் தெரியாதவர்களுக்குத் தன் போனிலேயே ஆர்டர் போடுவார். சுற்றியுள்ள சின்ன ஊர்களுக்கு கொரியர்காரர்கள் சரியாகப் போக மாட்டார்கள் என்று எல்லாவற்றுக்கும் தன் வீட்டு முகவரியையே கொடுப்பார். பெட்டி வந்ததும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பிரித்து, மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு வருவார். அதற்காக யாரிடமும் ஒரு டீ கூடக் குடித்ததில்லை. சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போதே குரல் வரும்.

"சுமதி, இன்னிக்கும் ஆர்டர் புடிச்சிட்டேன்!"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை...

ஒரு நாள் காலையில் கமிஷன் கொடுக்கிற கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். குடும்பத்தார் சொந்த லிங்க்கில் வாங்கக் கூடாதாம். அந்த விதியை மீறியதால் அக்கவுன்ட் மூடப்படுகிறது, வர வேண்டிய கமிஷன் கிடையாது என்றிருந்தது. ஒரே போன், ஒரே முகவரி, ஆர்டர் மேல் ஆர்டர்... அவர்கள் கண்ணுக்கு அது திருட்டு. சேரும்போது விதிகளை நாங்கள் யாரும் படிக்கவில்லை.

அக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். மாமா வண்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"வேணி, இத உங்க மாமாகிட்ட சொல்லிராத."

"கேட்டா என்னக்கா சொல்றது?"

"அந்தக் கமிஷன் திட்டத்தையே நிறுத்திட்டாங்கன்னு சொல்லிக்கறேன். தன்னாலதான் போச்சுன்னு தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாருடி. வூடு வூடா தூக்கிட்டுப் போயி குடுத்த மனுசன்..."

நான் திரும்பத் திரும்ப மெயில் போட்டு விளக்கினேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான் வந்தது. அடுத்த மாதமே அக்கா ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஏறினார். விடியும் முன் கிளம்பி, இருட்டிய பின் திரும்பும் அதே வேலை.

மாமாவின் ஆத்திரம் மட்டும் அடங்கவே இல்லை. எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்த பிறகும், ஊருக்குப் போகும்போதெல்லாம் அதே பேச்சு.

"நல்லாப் போயிட்டிருந்த யாவாரம், பாவிங்க நிறுத்திட்டானுங்க கண்ணு. நான் எவ்ளோ ஆர்டர் புடிச்சுக் குடுத்தேன்... இல்ல சுமதி?"

"ஆமாங்க. நீங்க புடிச்சுக் குடுத்ததுதான் பாதி" என்பார் அக்கா. முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. எனக்குத்தான் தலை குனிந்துவிடும்.

இந்த வருஷம் மாமா போய்விட்டார். பாலக்கோட்டில் லோடு இறக்கிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. காரியத்துக்குப் போயிருந்தேன். எல்லோரும் கிளம்பிய பிறகு அக்காவே சொன்னார்.

"இனிமே நீ யாருகிட்ட வேணாலும் சொல்லிக்கலாம் வேணி. அவரு காதுக்குப் போவாது."

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இன்றைக்கு யார் ரீல்ஸைப் பார்த்தாலும் லிங்க்தான். நடிகர்கள் முதல் காலேஜ் பிள்ளைகள் வரை எல்லோரும் விற்கிறார்கள். தொழில் எங்கேயோ போய்விட்டது. எனக்கும் அதில்தான் சோறு. பெங்களூரில் இதே மாதிரி ஒரு கம்பெனியில், சந்தேகப்படும்படியான அக்கவுன்ட்களைச் சரிபார்க்கிற வேலை. ஒரே முகவரிக்கு நிறைய ஆர்டர் போனால் சிஸ்டமே சிவப்பு போட்டுக் காட்டும். முக்கால்வாசி நிஜமாகவே ஏமாற்று வேலைதான்.

ஆனால் போன வாரம் ஒன்று வந்தது. பென்னாகரம் பக்கம் ஒரு சின்ன ஊர். ஒரே வீட்டுக்கு குக்கர், குக்கர், மிக்ஸி, மறுபடியும் குக்கர்...

மாமாவுக்கு யார் வீட்டுக்கு எந்தக் குக்கர் போனது என்று முகம் முகமாகத் தெரியும். எனக்குத் திரையில் ஒரு நம்பர்தான் தெரிகிறது. கூப்பிட்டு விசாரிக்க வழி கிடையாது. மூடலாம், அல்லது விட்டுவிடலாம்... விட்டால் காரணம் எழுத வேண்டும்.

ரொம்ப நேரம் யோசித்தேன். அப்புறம் காரணம் என்ற இடத்தில், "வீட்டுக்காரராக இருக்கலாம்" என்று எழுதினேன்.

மேலே இருக்கிறவர்கள் அதை ஏற்கவில்லை. மறுநாள் பார்த்தபோது அந்த அக்கவுன்ட் மூடியிருந்தது.