தெல்தெனியவில் நான் தலைமாறிக் கட்டிய கொடி

பெப்ரவரி 3, பிற்பகல் இரண்டரை. காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஏறிய பஸ் ஒருவழியாகக் கண்டியில் இறக்கிவிட்டது. இடுப்பு என்னுடையதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன். மறுநாள் சுதந்திர தினம் என்பதால் நடைபாதை முழுக்கத் தேசியக் கொடி விற்பனை. பக்கத்து மஹய்யாவையிலிருந்து வந்து கடை விரித்திருந்த பெண்ணொருத்தி என்னை மறித்தாள்.

"எடுங்க ஐயா, ஒண்ணு நூத்தம்பது."

"ஒண்டு காணும் பிள்ளை."

என் பேச்சிலேயே ஊரைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஊருக்கும் ஒண்ணு கொண்டு போங்களேன். யாழ்ப்பாணத்துல நாளைக்குச் சுதந்திரம் இல்லீங்களா?"

இரண்டு வாங்கினேன்.

தெல்தெனிய அங்கிருந்து இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேல். குண்டசாலை, பல்லேகல விளையாட்டு மைதானம் எல்லாம் தாண்டி, ஐந்து மணிக்கு நிசாமின் புடவைக்கடை வாசலில் நின்றேன். இளவயதில் அநுராதபுரத்தில் நாங்கள் இருவரும் கிளாக்கர்களாக ஒரே அறையில் குடியிருந்தவர்கள். சில வருடங்களுக்கு முன் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் அவனுடைய கடை எரிந்தது. திருப்பிக் கட்டினான். இப்போது விற்கப் போகிறான் என்று கேள்விப்பட்டுத்தான் ஓடி வந்தேன்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் குருநாகல் ஆள் வாறாரு. பேசி முடிச்சிட்டு மகள்ட வீட்டுக்குப் போற" என்றான்.

"வியாபாரம் சரியில்லையோ?"

அவன் எதிரே இருந்த தையற்கடையைக் காட்டினான். "சோமா அக்கா, சிங்கள ஆள். முப்பது வருசம் எங்கட துணியத்தான் தைச்ச. கட எரிஞ்ச நாள்ல இருந்து றோட்டக் கடந்து இந்தப் பக்கம் வரல்ல. எரிச்சவனுகள மறந்திரலாம். இத மறக்க ஏலாம ஈக்கி."

பெப்ரவரி 4, காலை எட்டு மணி. நிசாம் வேண்டாம் என்றும் கேளாமல் ஒரு கதிரையில் ஏறி, கடை வாசல் கம்பில் கொடியைக் கட்டினேன். விற்கும்வரை அது அவன் கடைதானே! அறுபத்திரண்டு வயதில் அந்தக் கொடியை என் கையால் கட்டியது அதுவே முதல் தடவை. எங்கள் பக்கம் அதெல்லாம் அரசாங்கக் கந்தோர்களின் வேலை. வீட்டில் கட்ட எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை.

இறங்கி நிமிர்வதற்குள் தையற்கடைக் கதவு திறந்தது. தலை நரைத்த ஓர் அம்மா, கையில் கத்தரிக்கோலுடன், விறுவிறுவென்று றோட்டைக் கடந்து வந்தார். நிசாமின் முகம் வெளுத்தது.

"அனே! யாரு இப்பிடிக் கட்டினது?" என்றார் சோமா அக்கா, தமிழில்.

நான் கையை உயர்த்தினேன்.

"இந்தப் பச்சக் கோடு நிசாம் மாத்தயா ஆக்கள். மத்த செம்மஞ்சக் கோடு நீங்க, தமிழ் ஆக்கள். ரெண்டும் கம்புப் பக்கம் வரணும். நீங்க வெளியில பறக்க விட்டிருக்கீங்க. காத்துக்கு மொதல்ல கிழியிறது வெளி ஓரம்தான். நான் துணி தைக்கிறவ, எனக்குத் தெரியும்."

நான் அசடு வழிந்து நிற்க, அவரே கொடியை அவிழ்த்தார். பிறகு நிசாமைப் பார்க்காமல், கொடியைப் பார்த்தபடி சொன்னார்: "அன்னைக்கு நான் கதவப் பூட்டிக்கிட்டு உள்ள இருந்தேன். பயம். அப்புறம் எந்த முகத்தோட வர்றது?"

நிசாம் உள்ளே போய், கடையிலிருந்த நல்ல கதிரையைத் தூக்கி வந்து போட்டான். "இரிங்க அக்கா. டீ போடச் சொல்ற."

அவர் உட்கார்ந்தார். கொடியின் பச்சை ஓரத்தை மடித்து, கம்பு நுழையும்படி கையாலேயே உறை தைத்தார். இரட்டைத் தையல். எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை.

பத்து மணிக்குக் குருநாகல்காரர் வந்தார். கொடி சரியான பக்கம் பறந்துகொண்டிருந்தது. நிசாம் அவருக்கும் தேநீர் கொடுத்து, "மன்னிச்சிக்கோங்க, கட விக்கிறதுக்கில்ல" என்று அனுப்பிவைத்தான்.

மறுநாள் காலை புறப்படுமுன், பையிலிருந்த மற்றக் கொடியை எடுத்துக்கொண்டு நானும் றோட்டைக் கடந்தேன். சோமா அக்கா அதற்கும் உறை தைத்துத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். எத்தனையோ கசப்புக்குப் பிறகு, இந்த நாடு எனக்கும் சேர்த்துத்தான் உண்டாக்கப்பட்டது என்று நம்பவைத்த அந்தக் கைகளுக்கு என்ன கைம்மாறு செய்வேன்? பஸ்ஸில் கொடியை மடியிலேயே வைத்திருந்தேன். எங்கள் வீட்டு வாசலில் கொடி கட்ட ஒரு கம்புகூட இல்லை. போனதும் முதல் வேலையாக ஒன்று வெட்ட வேண்டும்.